மேட்டாங்காட்டு வானம்பாடி



இந்த நூலக வாசகர் வட்டத்தார் இந்தப் பேச்சுக்குத் தலைப்பு கேட்டபோது 'வானம்பாடி' என்று ஒரே சொல்லாகக் கொடுத்தேன். அழைப்பிதழைப் பார்த்துவிட்டுக் கவிதை கேட்க வந்தவர்களும் இங்கே இருப்பீர்கள். 1971-ல் பக்கத்துக் கோயம்புத்தூரில் புதுக்கவிதை எழுதிய இளைஞர்கள் தங்கள் இதழுக்கு அந்தப் பெயரைத்தான் வைத்தார்கள். ஒரு தலைமுறைக் கவிஞர்களே அந்தப் பெயரால் அறியப்பட்டார்கள். அவர்களை வணங்கிவிட்டு, அவர்களுக்குப் பெயர் கொடுத்த பறவையைப் பற்றி இன்று பேசுகிறேன். நம் நாமக்கல் பக்கத்து மேட்டாங்காட்டில், கடலைக்காய் பிடுங்கியபின் சும்மா கிடக்கும் செம்மண்ணில், நம் காலடியில் குடித்தனம் நடத்துகிற சாம்பல்தலை வானம்பாடியைப் பற்றி.

முதலில் அடையாளம் சொல்லிவிடுகிறேன். ஊர்க்குருவி அளவுதான். அலகிலிருந்து வால்நுனி வரை 12, 13 சென்டிமீட்டர். குட்டைக் கால், விதை உடைக்கிற தடித்த அலகு. ஆணுக்கு உச்சந்தலை சாம்பல், முதுகு சாம்பல் கலந்த பழுப்பு, கன்னத்தில் வெளுத்த திட்டு. கண் வழியாக ஒரு கருங்கோடு ஓடும். மோவாயிலிருந்து நெஞ்சு, வயிறு முழுக்கக் கறுப்பு. பெரும்பாலான பறவைகளுக்கு முதுகு இருண்டும் வயிறு வெளுத்தும் இருக்கும். இதற்கு நேர்மாறு. மேலே வட்டமிடுகிற வல்லூறுக்கு இது வெறும் மண். கீழே நிற்கிற பெட்டைக்கு வானத்தில் பளிச்சென்று தெரிகிற கறுப்பு. அந்தப் பெட்டைக்குக் கறுப்பே கிடையாது, உடம்பெல்லாம் மண் நிறம். பெண் ஊர்க்குருவி என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவோம்.

ஆள் வருவது தெரிந்தால் மற்ற குருவிகள் பறக்கும். இது பதுங்கும். மண்ணோடு மண்ணாக ஒட்டிக்கொண்டு, நம் செருப்பு கிட்டத்தில் வந்தபிறகுதான் எழும்பும். மரத்தில் அடையும் வழக்கம் இதற்கு இல்லை. இரை தேடுவது தரையில், வெயிலுக்கு ஒதுங்குவது தரையில், முட்டையிடுவது தரையில், இரவு தூங்குவதும் தரையில். புல் விதையும் சிறு பூச்சியும்தான் சாப்பாடு. இனப்பெருக்கம் முடிந்த காலத்தில் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து, அறுத்த சோளக்காட்டிலும் எள்ளுக்காட்டிலும் சிந்திய விதையைப் பொறுக்கிக்கொண்டு வளைந்து வளைந்து நடக்கும். அதன் வாழ்க்கை முழுக்கத் தரையோடு தரையாகத்தான். பாட்டு ஒன்றுக்கு மட்டும் அது வானத்துக்குப் போகிறது.

அந்தப் பாட்டை நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். பார்க்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன், ஏனென்றால் பாட்டில் பாதி அதன் பறப்பில் இருக்கிறது. காலை வெயில் ஏறத் தொடங்கும் நேரம், ஒரு மண்ணாங்கட்டி மேல் உட்கார்ந்திருக்கும் ஆண், சிறகைப் படபடவென்று அடித்துக்கொண்டு நேராக மேலே ஏறும். ஏறக்குறைய 30 மீட்டர். அங்கே போனதும் சிறகை மடித்துக்கொண்டு தலைகுப்புற விழும். விழும்போதுதான் 'வீஈஈ' என்று ஒரு நீண்ட சீழ்க்கை. கொஞ்ச தூரம் விழுந்ததும், விழுந்த வேகத்தையே பிடித்துக்கொண்டு மறுபடி மேல்நோக்கி வளையும், இரண்டு மூன்று அடி சிறகடிக்கும், மறுபடி விழும். ஒவ்வொரு விழலும் முந்தையதைவிடத் தாழ்வு. மாடிப்படி இறங்குவது போல வானத்திலிருந்து படிப்படியாக இறங்கி, இதோ தரையில் மோதப்போகிறது என்று நாம் பதறும்போது சிறகை விரித்து, புறப்பட்ட அந்த மண்ணாங்கட்டிக்குப் பக்கத்திலேயே வந்து உட்காரும். மூச்சு வாங்கிவிட்டு மறுபடி கிளம்பும்.

எதற்கு இவ்வளவு பாடு? குயில் மாமரத்தில் ஒளிந்துகொண்டு கூவலாம். மைனா கம்பியில் உட்கார்ந்து கத்தலாம். மரமில்லாத வெளியில் பிறந்த பறவைக்கு நின்று பாடக் கிளை ஏது? உயரத்தில் நின்றால்தான் குரல் தூரம் போகும், தன் எல்லையும் தெரியும், பெட்டையும் பார்க்கும். அதனால் வானத்தையே மேடையாக்கிக்கொண்டது. உலகத்தின் புல்வெளி, பாலைவனப் பறவைகள் பலவற்றுக்கும் இதுதான் வழி. இங்கிலாந்துக் கவிஞர்கள் தங்கள் நாட்டு வானம்பாடியைப் பாடியதை நாம் கல்லூரியில் மனப்பாடம் செய்தோம். வளையபட்டிக்கும் எருமப்பட்டிக்கும் இடையே விழுந்து விழுந்து பாடுகிற நம் வானம்பாடியை நம் பிள்ளைகளுக்கு எந்தப் பாடத்தில் காட்டினோம்?

கூட்டைப் பற்றிச் சொல்கிறேன். பரமத்திப் பக்கம் கொள்ளு அறுத்த காட்டில், ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா காட்டிக்கொடுத்தது. "பாத்து வாங்க சாமி, மிதிச்சுப்போடாதீங்க, அதுங்க இப்பத்தான் முட்ட வெச்சிருக்குதுங்க" என்று கையை நீட்டிய இடத்தில் எனக்கு வெறும் மண்தான் தெரிந்தது. குனிந்து பார்த்தபிறகு தெரிந்தது, மழை ஈரத்தில் பதிந்து காய்ந்துபோன ஒரு மாட்டுக் குளம்புத் தடம். ஒரு பெரிய மண்ணாங்கட்டிக்குக் கிழக்கே, பிற்பகல் வெயில் நேராக அடிக்காத பக்கம். குழிக்குள் காய்ந்த புல் நார், கொஞ்சம் ஆட்டு மயிர். விளிம்பில் ஒரு பக்கமாகக் கடலைப்பருப்பு அளவுச் சரளைக் கற்களும் மண் உருண்டைகளும் பதித்த மாதிரி அடுக்கியிருந்தன. உள்ளே இரண்டு முட்டை. வெளிர் மஞ்சளில் பழுப்புப் புள்ளிகள், ஒரு முனையில் கொஞ்சம் நெருக்கமாக. நான் கண்ணை எடுத்துவிட்டு மறுபடி பார்த்தபோது அதே இடத்தில் கூட்டைத் தேட வேண்டியிருந்தது.

அந்தக் கற்களை அது ஏன் அடுக்குகிறது என்பதற்குப் பல விளக்கம் உண்டு. புல் நார் காற்றில் பறக்காமல் இருக்க என்பார்கள், குழியின் விளிம்பு சரியாமல் இருக்க என்பார்கள். காரணம் எதுவானாலும், அந்தச் சின்ன அலகால் ஒவ்வொரு கல்லாகச் சுமந்து வந்து கரை கட்டியிருக்கிறதே, அதை நினைத்துப் பாருங்கள்.

இரண்டோ மூன்றோ முட்டை. 13, 14 நாள் அடை. ஆணும் பெண்ணும் மாறி மாறி உட்காரும். அடைகாப்பது என்றால் சூடு கொடுப்பது என்றுதான் நாம் கோழியைப் பார்த்துக் கற்றிருக்கிறோம். இந்த ஊர்ச் சித்திரை வெயிலை யோசியுங்கள். நிழலில் 38, 40 டிகிரி என்றால், மூடாக்கு இல்லாத வெறும் மண்ணின் மேற்பரப்பு 55 டிகிரியையும் தாண்டும். முட்டைக்குள் 41 டிகிரிக்கு மேல் சூடு நீடித்தால் கரு பிழைப்பது அரிது. அப்படியானால் நடுப்பகலில் தாயும் தகப்பனும் செய்ய வேண்டிய வேலை முட்டைக்குச் சூடு கொடுப்பதா? முட்டையிடமிருந்து சூட்டை விலக்குவது. இறக்கையைச் சற்றே விரித்து, அலகைத் திறந்து இளைத்துக்கொண்டு, தன் உடம்பையே பந்தலாக்கி நிற்க வேண்டும். பறவைக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. மூச்சின் வழியாகவும் தோலின் வழியாகவும்தான் உடம்புச் சூட்டை வெளியேற்ற முடியும், அதற்கு விலை உடம்பிலுள்ள தண்ணீர். பக்கத்தில் குளமோ குட்டையோ இல்லாத காட்டில் அந்தத் தண்ணீரைச் செலவழித்துத்தான் பிள்ளை வளர்க்கிறது.

எப்படி முடிகிறது என்று கேட்பீர்கள். இங்கேதான் இந்தப் பறவையின் உறவுமுறையைச் சொல்ல வேண்டும். நம் சாம்பல்தலை வானம்பாடிக்கு நெருங்கிய உறவான இனம் ஒன்று உண்டு, கருந்தலை வானம்பாடி. மேற்கே அட்லாண்டிக் கடல் தீவுகளில் தொடங்கிச் சகாராவின் விளிம்பு, அரேபியா, நம் இராஜஸ்தானத்துத் தார் பாலைவனம் வரை பரவிய பறவை. நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர் துபாயிலும் ரியாத்திலும் மஸ்கட்டிலும் வேலை செய்கிறார்கள். விடுமுறை நாளில் ஊருக்கு வெளியே மணல்வெளிக்குப் போனால் அவர்கள் கண்ணில் படக்கூடியது அந்த உறவுதான். இன்னொரு பக்கம், நம் கல்லாங்குத்து நிலங்களில் செவ்வால் வானம்பாடி என்று ஒன்று உண்டு. அதன் பங்காளி பாலை வானம்பாடி. கருங்கல் பூமியில் கறுத்தும் வெள்ளை மணலில் வெளுத்தும், இருக்கிற மண்ணின் நிறத்துக்கே உடம்பு மாறிய வகைகள் அந்த இனத்தில் உண்டு. ஆக, மழைக்காட்டுக்கு அல்ல, பாலைக்குப் பழகிய குடும்பத்தின் கிளைகள் நம் காட்டில் குடியிருக்கின்றன. ஜெய்சல்மேரில் ஆண்டுக்குச் சுமார் 200 மில்லிமீட்டர் மழை. நாமக்கல்லில் 700-ஐ ஒட்டி. நம்முடையது பாலைவனம் இல்லைதான். ஆனால் மாசியிலிருந்து ஆனி வரை, ஓடை வற்றி, புல் கருகி, காற்று புழுதியை வாரிக்கொண்டு போகிற அந்த மாதங்களில் இது பாலையின் சாயல் கொண்ட பூமி. முல்லையும் குறிஞ்சியும் வெயிலால் திரிந்து பாலையாகும் என்று சிலம்பில் இளங்கோ சொன்னது நம் கண்முன் ஆண்டுதோறும் நடக்கிறது.

அந்தப் பாலைக் குடும்பத்தைப் பற்றி அறிவியல் நிறையக் கண்டுபிடித்திருக்கிறது. ஐரோப்பாவின் ஈர வயல்களிலிருந்து அரேபியப் பாலைவனம் வரை வாழும் வானம்பாடி இனங்களை ஐரீன் தீல்மன், ஜோசப் வில்லியம்ஸ் என்ற இரு ஆய்வாளர்களும் அவர்களுடைய குழுவினரும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பாலை நோக்கிப் போகப் போக, ஓய்வில் இருக்கும்போது உடம்பு செலவழிக்கும் ஆற்றலும் குறைகிறது, தோல், மூச்சு வழியாக வெளியேறும் நீரும் குறைகிறது. உடம்பின் அடுப்பைச் சின்னதாக எரிய விட்டால் சூடும் குறையும், தண்ணீரும் மிஞ்சும். சவூதி அரேபியாவில் அதே குழுவினர் கண்ட இன்னொன்று என்னை மிகவும் கவர்ந்தது. நடுப்பகலில் வெயில் தாங்காதபோது, கருந்தலை வானம்பாடி உள்ளிட்ட சில வானம்பாடிகள், முள்வால் பல்லி தோண்டிய வளைக்குள் போய் ஒண்டிக்கொள்கின்றன. பாடுவதற்கு வானம் ஏறுகிற பறவை, உயிர் பிழைக்கப் பல்லியின் பொந்துக்குள் இறங்குகிறது! நம் ஊரில் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஒரு கல்லின் நிழல், உழவில் புரண்ட ஒரு மண்கட்டியின் நிழல், ஆவாரஞ்செடி ஒன்றின் தூர். உள்ளங்கை அகல நிழல் போதும், நண்பகலை அங்கேயே கழித்துவிடும்.

சங்கப் புலவர்கள் இந்தப் பறவையைக் கவனித்திருக்கிறார்கள் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. பட்டினப்பாலை தொடங்கும்போதே, மழைத்துளியை உணவாகக் கொண்ட பறவை துளி கிடைக்காமல் வாடும்படி வானம் பொய்த்தாலும் காவிரி பொய்க்காது என்கிறார் உருத்திரங்கண்ணனார். அந்தப் பறவை வானம்பாடி என்று உரையாசிரியர்கள் எழுதினார்கள். ஐங்குறுநூற்றின் முல்லைப் பகுதியிலும் வானம்பாடியின் வறட்சி நீங்க மழை பொழிந்த காடு வருகிறது. மழைத்துளியை மட்டும் குடித்து உயிர்வாழும் பறவை எதுவும் இல்லை என்று இன்றைய பறவையியல் சொல்லும். சரி. ஆனால் வானம் பொய்த்தால் புல் முளைக்காது, புல் இல்லாவிட்டால் விதை இல்லை, வெட்டுக்கிளி இல்லை, குஞ்சுக்கு ஊட்ட ஒன்றும் இல்லை. மழைக்கும் இந்தப் பறவைக்கும் உள்ள பிணைப்பை அந்தப் புலவர்கள் சரியாகத்தான் பிடித்தார்கள். அந்தக் காவிரி இன்றும் மோகனூர் வழியாகவும் பரமத்தி வேலூர் வழியாகவும் ஓடுகிறது. அந்தப் பறவையும் கரையிலிருந்து கொஞ்ச தூரம் மேட்டுக்கு ஏறினால் இருக்கிறது.

எவ்வளவு நாளைக்கு இருக்கும் என்பதுதான் என் கவலை. அதைப் பேசத்தான் வந்தேன்.

உண்மையை உள்ளபடி சொல்ல வேண்டும். இது அழியும் தறுவாயில் உள்ள பறவை இல்லை. உலகப் பட்டியலில் இன்று கவலை குறைந்த இனமாகவே இருக்கிறது. சட்டமும் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இதைப் பிடிப்பதும் இதன் முட்டையை எடுப்பதும் குற்றம். ஆனால் அது முட்டையிடுகிற நிலத்தை எந்தச் சட்டமும் பறவையின் நிலமாகப் பார்க்கவில்லை. இந்த நிலத்துக்கு நாம் வைத்திருக்கிற பெயரே தரிசு.

தரிசு என்கிற இந்த நிலக் கணக்கின் வரலாறு நம் மண்ணோடு பின்னியது. 1792-ல் திப்பு சுல்தானோடு நடந்த உடன்படிக்கையில் பாராமகாலும் சேலம் சீமையும் கிழக்கிந்தியக் கும்பினிக்குப் போயின. கேப்டன் அலெக்ஸாண்டர் ரீட் நிர்வாகத்துக்கு வந்தார், அவருக்கு உதவியாகத் தாமஸ் மன்றோ. சங்கிலி பிடித்து வயல் வயலாக அளந்து, ஒவ்வொரு குடியானவரிடமும் நேராகத் தீர்வை வாங்குகிற இரயத்துவாரி முறை இங்கேதான் உருவெடுத்தது. அந்த முறையில் நிலத்துக்கு மதிப்பு என்றால் அது கட்டுகிற தீர்வை. அந்தப் பார்வை தொடர்ந்து வந்து, தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு, மேய்க்கால் புறம்போக்கு, கல்லாங்குத்து என்று பதிவேடுகளில் நின்றது. வெள்ளைக்காரர் போனார், பதிவேடு போகவில்லை. 2000-ல் நம் அரசே இந்தியாவின் தரிசுநில வரைபடத் தொகுப்பு என்று வெளியிட்டது. செயற்கைக்கோள் மேலிருந்து பார்த்தது, மரம் இல்லை, பயிர் இல்லை, எனவே வீண்நிலம். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் ஒரு குளம்புத் தடத்துக்குள் இரண்டு முட்டை இருப்பது எப்படித் தெரியும்?

மதுசூதன், அபி தமிம் வனக் என்ற இரு ஆய்வாளர்கள் இதைத் திருப்பிப் பார்த்தார்கள். புல்வெளி, புதர்வெளி, மேய்ச்சல் வெளி, மணல் மேடு இவையெல்லாம் கெட்டுப்போன காடு இல்லை, இவை இயற்கையாகவே திறந்த வெளிகள் என்று கொண்டு, நாட்டின் வறண்ட பகுதிகளை வரைபடமாக்கி 2022-ல் வெளியிட்டார்கள். இந்தியாவின் நிலப்பரப்பில் சுமார் பத்தில் ஒரு பங்கு இப்படிப்பட்ட வெளி. அதில் பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் இருப்பது நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. மறு ஆண்டு, 30,000-க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்களின் பதிவுகளைத் திரட்டி 942 இனங்களை ஆராய்ந்த 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை வந்தது. திறந்த வெளியை, புல்வெளியை நம்பி வாழும் பறவைகள் கடுமையாகக் குறைந்துவருவதாக அது எச்சரித்தது.

நம் சேலம் நாமக்கல் சமவெளிக்கு வருவோம். 1930-ஐ ஒட்டி வெர்னே ஆய்வுக் குழு கிழக்குத் தொடர்ச்சி மலைப் பறவைகளைக் கணக்கெடுக்கச் சேர்வராயன் மலைக்கும் சித்தேரிக்கும் வந்தது. இன்றும் பறவை பார்க்க வருகிறவர்கள் கேமராவோடு மலைக்குத்தான் ஏறுகிறார்கள், மஞ்சள்தொண்டைச் சின்னானைத் தேடி. நல்ல பறவை, அரிய பறவை, தேட வேண்டியதுதான். ஆனால் மலைக்குப் போகிற பாதை முழுக்க இரண்டு பக்கமும் கல் நட்டு, கொடி கட்டி, மனைகளாக விற்கப்படும் காடுகளை யார் பார்க்கிறோம்? சோளமும் கம்பும் கொள்ளும் விதைத்த மானாவாரிக் காடு மனையாகிறது. மிஞ்சியதில் போர்வெல் இறங்குகிறது, கரும்பும் வாழையும் வருகின்றன, இல்லையென்றால் கோழிப் பண்ணை எழும்புகிறது. விவசாயியின் மேல் குறை சொல்ல எனக்கு நா எழாது. மானாவாரியை நம்பிப் பிள்ளையைப் படிக்க வைக்க முடியவில்லை என்பது நிஜம். யாரும் உழாமல் விட்ட நிலத்தையோ சீமைக்கருவேலம் மூடிக்கொள்கிறது. அதன் அடியில் புல் முளைக்காது, வானம்பாடி இறங்காது.

இன்னொன்று சொல்ல வேண்டும், அதைச் சொல்வது எனக்குச் சங்கடமானது, ஏனென்றால் இங்கே உட்கார்ந்திருக்கும் பல நல்ல உள்ளங்கள் அந்தப் பணியில் இருக்கிறார்கள். மரம் நடுவது. மாநில அரசு 2022-ல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், காடும் மரமும் உள்ள பரப்பை 33 விழுக்காடாக உயர்த்த வேண்டும் என்கிறது. நல்ல நோக்கம். பள்ளிக்கூடத்தில் நடுங்கள். சாலையோரத்தில் நடுங்கள், ஏரிக்கரையில் நடுங்கள், வெட்டி மொட்டையாக்கிய மலைச்சரிவில் நடுங்கள், அவரவர் வீட்டு வாசலில் நடுங்கள். மேய்க்கால் புறம்போக்கைப் பார்த்ததும் 'சும்மா கிடக்கிறது' என்று குழி தோண்டாதீர்கள். மரம் நெருங்கி வளர்ந்தால் அந்த வெளி வானம்பாடிக்கு உதவாது. அங்கே காகமும் வல்லூறும் உட்கார இடம் கிடைக்கும், அவற்றின் பார்வைக்குக் கீழே தரையில் முட்டையிடும் பறவை தங்காது. கவுதாரிக்கும் ஆள்காட்டிக்கும் கல்குருவிக்கும் அதே கதிதான். ஆடு மாட்டுக்கும் மேய்ச்சல் போச்சு.

நம் முன்னோருக்கு இது தெரிந்திருந்தது. கொங்கு நாட்டில் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்தைப் பாருங்கள். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேலம். மரம் உண்டு, ஆனால் மரத்துக்கும் மரத்துக்கும் இடையே வெயில் விழும் வெளி உண்டு. மாடும் பிழைத்தது, புல்லும் பிழைத்தது, பறவையும் பிழைத்தது. கரூர், காங்கேயம் பக்கம் இன்னும் மிச்சமிருக்கிற அந்த முறையை நம் ஆட்களும் போய்ப் பார்க்க வேண்டும்.

வெறும் புதர் என்று நினைத்த நிலம் எதை வைத்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? இதே கிழக்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், ஆந்திராவின் கடப்பா மாவட்டத்தில், ஜெர்டான் என்ற பறவையியலாளரின் பெயரைத் தாங்கிய கல்குருவி ஒன்று இருந்தது. 1900-க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை, அழிந்துவிட்டது என்றே எழுதிவிட்டார்கள். 1986-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் தேடியபோது உயிரோடு கிடைத்தது. கண்டுபிடிக்க உதவியவர் உள்ளூர்ப் பறவை பிடிக்கும் தொழிலாளி. அந்த மண்ணை நடந்து அறிந்தவருக்குத்தான் அது தெரிந்திருந்தது. பரமத்தியில் எனக்குக் கூடு காட்டிய அம்மாவும் அத்தகைய அறிவுடையவர். ஆட்டுப்பட்டி போடுகிறவர்கள், மேய்க்கிறவர்கள், களை எடுக்கிற பெண்கள், இவர்களிடம் கேட்டுக் குறித்தாலே நம் மாவட்டத்துத் தரைப்பறவைகளுக்கு ஒரு நல்ல வரைபடம் கிடைத்துவிடும். கல்லூரி மாணவர்கள் இதை ஏற்றுச் செய்யலாம்.

உழவர் பெருமக்களுக்கு ஒரு வார்த்தை. கோடை உழவு வேண்டாம் என்று சொல்ல நான் யார்? மழை விழுந்த ஈரத்தில் உழுதே ஆக வேண்டும். டிராக்டர் ஓட்டும்போது முன்னே ஒரு சின்னப் பறவை எழும்பி, தூரப் போகாமல் பக்கத்திலேயே சுற்றிச் சுற்றி இறங்கினால், அங்கே கூடு இருக்கலாம் என்று அர்த்தம். இறங்கிப் பாருங்கள். கண்டால் ஒரு பாய் விரிக்கிற அளவு இடத்தை உழாமல் விட்டு, ஒரு குச்சி நட்டுவிடுங்கள். அடைக்கு இரண்டு வாரம். குஞ்சு பொரித்தபின் பறக்கப் பழகும் முன்பே கூட்டைவிட்டு நடந்து வெளியேறிவிடுவது வானம்பாடிக் குடும்பத்தின் வழக்கம். மாதம் திரும்புவதற்குள் அந்த இடமும் உங்களுக்கே.

கடைசியாக, இந்த அவையிடம் நான் கேட்டுக்கொள்வது இது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் ஒவ்வொரு உள்ளாட்சிக்கும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்கிறது. ஊரிலுள்ள உயிரினங்களையும் அவற்றைப் பற்றி மக்களுக்குள்ள அறிவையும் எழுதி வைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் அந்தச் சட்டத்தின் கீழ் உண்டு. அதே சட்டத்தின் கீழ்த்தான் மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியை, பாறையும் குன்றும் சுனையுமாக இருந்த அந்த இடத்தை, 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். தலமாக அறிவிக்கச் சொல்லி இன்றே நான் கேட்கவில்லை. அடுத்த கிராமசபைக் கூட்டத்துக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது, ஏதாவது ஒன்றுக்கு உங்களால் போக முடியும். போய் இரண்டு தீர்மானம் கேளுங்கள். எங்கள் ஊர் மேய்க்கால் புறம்போக்கில் சாம்பல்தலை வானம்பாடி வாழ்கிறது என்று பதிவேட்டில் எழுதுங்கள். அந்த நிலத்தில் மரம் நடுவதற்கோ மண் அள்ளுவதற்கோ முன்னால் பல்லுயிர் மேலாண்மைக் குழுவைக் கேளுங்கள். இந்த இரண்டு வரியும் உங்கள் ஊர்ப் பதிவேட்டில் ஏறட்டும். எழுத உதவி வேண்டுமானால் இந்த நூலக வாசகர் வட்டம் உங்களோடு வரும், நானும் வருகிறேன்.